மேலாளரின் வழியனுப்பு விழாவில் அவரை ‘அட்ரினலின் ஜங்கி’ என்று சொல்லலாமா?

நிலா_மெல்பன்

வணக்கம். சின்னச் சந்தேகம்தான், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் தீர வேண்டும். எங்கள் டீம் மேலாளர் ஓய்வு பெறுகிறார். ஆஸ்திரேலியப் பெண்மணி, அறுபதை நெருங்குகிறார். சனிக்கிழமை ஆனால் போதும், விமானத்திலிருந்து குதிக்கக் கிளம்பிவிடுவார். ஸ்கைடைவிங். அது போதாதென்று பெரிய பைக் ஒன்றும் வைத்திருக்கிறார். விழாவில் பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. பேச்சில் ‘ஷி இஸ் எ டோட்டல் அட்ரினலின் ஜங்கி’, அதாவது ஆபத்தின் கிளுகிளுப்புக்கு அடிமையானவர், என்று ஒரு வரி வைத்திருந்தேன். பக்கத்து சீட் ஐரிஷ் நண்பர் படித்துவிட்டு, “அவங்க சிரிப்பாங்க, ஆனா டைரக்டரும் இருப்பாரே” என்று இழுத்தார். அதற்கு மேல் விளக்கம் கேட்டால் தோளைக் குலுக்குகிறார்.

மாற்றாக நான் யோசித்தவை: டேர்டெவில், ஸ்பீட் ஃப்ரீக், த்ரில் சீக்கர், ஹூன். கடைசிச் சொல் இங்கே அடிக்கடி காதில் விழுகிறது. இதில் எது மரியாதை, எது இல்லை?

கோவை_கார்த்தி

தாராளமாகச் சொல்லுங்கள். இன்ஸ்டாகிராமில் பாதிப் பேர் தங்கள் அறிமுக வரியிலேயே அதைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சொல்வேட்டை

தன்னைப் பற்றித் தானே போட்டுக்கொள்வதில்தான் விஷயமே இருக்கிறது கார்த்தி. ‘நான் ஒரு சோம்பேறி’ என்று நான் சொல்லலாம். என் மேலதிகாரியை நான் அப்படிச் சொல்ல முடியுமா?

ஜங்கி என்பது ‘ஜங்க்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஜங்க் என்றால் ஹெராயின் மாதிரியான போதைச் சரக்கு. 1920-களில் அதற்கு அடிமையானவரை ஜங்கி என்றார்கள், ஏளனமாகத்தான். பிறகு அந்தச் சொல் மெல்லப் பல்லுப் போன சொல்லாகி, நியூஸ் ஜங்கி, பொலிட்டிக்கல் ஜங்கி என்று எதற்கும் ஒட்டிக்கொள்ளும் வாலாகிவிட்டது. நாம் சினிமாப் பைத்தியம், கிரிக்கெட் பைத்தியம் என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த இடம். மாமாவைப் பார்த்து ‘சரியான கிரிக்கெட் பைத்தியம்’ என்றால் அவர் சிரிப்பார். கிரிக்கெட்டை எடுத்துவிட்டு மீதியை மட்டும் சொல்லிப் பாருங்கள். அதுபோல அட்ரினலின் என்ற முன்னொட்டு இருக்கும்வரைதான் ஜங்கிக்குப் பல் கிடையாது.

முழுக்கப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. மனிதரைப் போதைப் பழக்கத்தின் பெயராலேயே அழைப்பதை ஆங்கிலப் பத்திரிகை உலகம் இப்போது தவிர்க்கிறது. அசோசியேட்டட் பிரஸ் தன் நடைக் கையேட்டின் 2017 பதிப்பில் ‘அடிக்ட்’ என்று ஆளைக் குறிக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. அது உண்மையான போதை அடிமைகளைப் பற்றிய செய்திகளுக்கான விதி, உங்கள் மேலாளருக்கானது இல்லை. ஆனால் அந்தக் காற்று அலுவலகம்வரை வீசுகிறது. உங்கள் ஐரிஷ் நண்பர் இழுத்ததன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஸ்பீட் ஃப்ரீக் வேண்டவே வேண்டாம். ‘ஸ்பீட்’ என்பது ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கமருந்துக்குத் தெருப்பெயர். 1960-களில் ஸ்பீட் ஃப்ரீக் என்றால் அந்த மருந்தை ஊசியில் ஏற்றிக்கொள்கிறவர். வேகப் பிரியர் என்ற பொருள் இப்போது பரவலாக இருந்தாலும், மேடையில் பாதிக் கூட்டத்துக்கு அறுபது வயது என்றால் பழைய பொருள் யாருக்காவது ஞாபகம் வந்துவிடும்.

கோவை_கார்த்தி

சரி, ஓவராக ஆராய்கிறோம். அவருக்கே பிடித்தால் போதாதா?

குடைக்காரன்

நான் டெக்சாஸில் ஸ்கைடைவிங் செய்பவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். மன்னிக்கவும்.

எங்கள் கூட்டத்தில் அட்ரினலின் ஜங்கி என்ற சொல்லைக் கேட்டால் பலருக்கு ஒரு சின்ன முகச்சுளிப்பு வரும். காரணம் ஜங்கி இல்லை. அட்ரினலின்தான். ‘இவன் என்ன செய்கிறான் என்று இவனுக்கே தெரியாது, உடம்பில் ஏதோ சுரப்பதற்காகக் குதிக்கிறான்’ என்று அந்தச் சொல் சொல்லாமல் சொல்கிறது. உண்மையில் என்ன நடக்கிறது பாருங்கள். விமானத்தில் ஏறுமுன் பட்டைகள், கைப்பிடிகள், ஊசிகள் எல்லாவற்றையும் நாமே ஒருமுறை பார்ப்போம். கதவு திறப்பதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் முதுகைக் காட்டி, ‘பின் செக்’ என்று கேட்போம். அவர் மூடியைத் தூக்கி, ரிசர்வ் குடையின், அதாவது அவசரத்துக்கான இரண்டாவது பாராசூட்டின், ஊசி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தோளில் தட்டுவார். அந்த ரிசர்வ் குடையை நாம் மடிக்கவே கூடாது. ரிக்கர் என்கிற உரிமம் பெற்ற பாராசூட் தொழில்நுட்பர்தான் மடித்து முத்திரை வைக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒருமுறை பிரித்து மறுபடி மடிக்க வேண்டும், ஒருமுறைகூடத் திறக்காவிட்டாலும். உள்ளே ஒரு சின்னக் கருவி இருக்கும். சுமார் 750 அடி உயரத்துக்கு வந்தும் நீங்கள் இன்னும் முழு வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், மயங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு அதுவே ரிசர்வ் குடையைத் திறந்துவிடும்.

இவ்வளவு சரிபார்க்கும் கூட்டத்துக்கு ‘போதை பிடித்தவர்கள்’ என்று பெயர். எங்களில் பாதிப் பேர் கணக்காளர்கள், பொறியாளர்கள். விங்சூட், அதாவது துணி இறக்கை வைத்த உடை, போட வேண்டுமென்றால் குறைந்தது 200 முறை குதித்திருக்க வேண்டும் என்பது இங்கே விதி. பொறுமை இல்லாதவனுக்கு இங்கே இடமே இல்லை.

எங்களுக்குள் உள்ள சொற்கள் வேறு. சும்மா ‘ஜம்ப்பர்’ என்போம். தலைக்கனம் ஏறிய மூத்தவரை ‘ஸ்கை காட்’ என்போம், அது கிண்டல். குதிக்காத வெளியாளுக்கு ‘வஃபோ’ என்று பெயர். “வாட் ஃபார் யூ ஜம்ப் அவுட் ஆஃப் ப்ளேன்ஸ்?” என்று கேட்பவன், அந்த வாட் ஃபார் தேய்ந்து வஃபோ. ஆக நிலா, நீங்கள் ஒரு வஃபோ. கோபிக்காதீர்கள், எங்கள் வீட்டில் என் அம்மாவும் வஃபோதான்.

அட்ரினலின் ஜங்கி என்று நானே என்னைச் சொல்லிக்கொண்டதுண்டு. வெளியாள் சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வேன், அவ்வளவுதான். யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஆனால் ‘பல வருடம் பார்த்தும் இவ்வளவுதான் புரிந்ததா’ என்று உள்ளே தோன்றும்.

லீட்ஸ்_நர்ஸக்கா

குடைக்காரன் தம்பி சொல்வதோடு ஒத்துப்போகிறேன். இங்கிலாந்தில் அவசரச் சிகிச்சைப் பிரிவில் வேலை. எங்கள் பக்கத்தில் ஓடும் சொற்களை வெளியே சொன்னால் அதிர்ச்சியாக இருக்கும். மோட்டார்சைக்கிளுக்கு ‘டோனர்சைக்கிள்’ என்று பெயர், ஓட்டுபவர் உறுப்பு தானம் செய்யத்தான் போகிறார் என்ற கணக்கில். பாறையிலிருந்தும் பாலத்திலிருந்தும் கடலில் குதிப்பதை ‘டூம்ஸ்டோனிங்’ என்கிறார்கள். கல்லறைக் கல் மாதிரி நேராக விழுவதால் அந்தப் பெயர். இது இப்போது கடலோரக் காவல் படையின் எச்சரிக்கைகளிலேயே அதிகாரபூர்வமாக வருகிறது. கோடையில் தண்ணீர் ஆழம் தெரியாமல் குதித்து முதுகுத்தண்டு நொறுங்கி வரும் பிள்ளைகளைப் பார்த்தால் அந்தப் பெயர் கொஞ்சமும் மிகையாகத் தெரியாது.

டோனர்சைக்கிள் என்பது எங்களுக்கு மூச்சு விடும் இடம். ஷிஃப்ட் முடிந்து டீ குடிக்கும்போது சொல்வோம். அடிபட்டவர் முன்னாலோ, அவர் அம்மா முன்னாலோ யாராவது சொன்னால் அன்றைக்கே புகார்தான்.

ஜங்கி என்ற சொல்லை வார்டில் நாங்கள் வாயில் எடுப்பதில்லை. அட்ரினலின் சேர்த்தாலும் எனக்கு நாக்கு வராது. அது என் தொழிலால் வந்த கூச்சம், ஊருக்கெல்லாம் பொருந்தாது. ஆனால் விழாவில் உட்கார்ந்திருப்பவர் யார் வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாதே நிலா.

தார்ரோடு_தாமஸ்

அப்படிப் பார்த்தால் எந்தச் சொல்லையும் பேச முடியாது அக்கா. ‘டெட்லைன்’ என்கிறோம், அதில் சாவு இருக்கிறது. விட்டுவிடலாமா?

லீட்ஸ்_நர்ஸக்கா

டெட்லைனைக் கேட்டு யாரும் தன் பிள்ளையை நினைத்து அழுது நான் பார்த்ததில்லை தாமஸ். ஜங்கியைக் கேட்டு அழுது பார்த்திருக்கிறேன்.

தார்ரோடு_தாமஸ்

சரி அக்கா.

பல்லாரட்_பெரியவர்

நிலா அம்மா, ஹூன் என்று எழுதிவைத்திருந்தால் முதலில் அதை அடியுங்கள். நான் விக்டோரியாவில் பல காலமாக இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஹூன் என்பது இங்கே வெறும் கொச்சைச் சொல் இல்லை, பாதி சட்டச் சொல். குவீன்ஸ்லாந்தில் 2002-லும் விக்டோரியாவில் 2006-லும் கொண்டுவந்த சட்டங்களை எல்லோரும் ஹூன் சட்டம் என்றே சொல்கிறார்கள். தெருவில் டயரைத் தேய்த்துப் புகை கிளப்பினாலோ ரேஸ் விட்டாலோ போலீஸ் வண்டியைப் பறிமுதல் செய்துகொண்டு போய்விடும். குவீன்ஸ்லாந்து போலீஸில் புகார் சொல்ல ஹூன் ஹாட்லைன் என்றே ஒரு எண் இருக்கிறது. அதற்கும் முன்னால் அந்தச் சொல்லுக்குப் பொருள் பெண்களை வைத்துப் பிழைக்கும் தரகன். ஓய்வு பெறும் பெண்மணியை மேடையில் அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்?

பக்கத்தில் நியூசிலாந்தில் இதே ஆசாமிக்கு ‘பாய் ரேசர்’ என்று பெயர், இங்கிலாந்திலும்தான். அங்கே 2003-ல் வந்த தெருப் பந்தயச் சட்டத்தைப் பாய் ரேசர் சட்டம் என்றே பேசுவார்கள். அந்த ‘பாய்’ என்பதில்தான் குத்தல். வயது முப்பது ஆனாலும் நீ பொடியன்தான் என்கிறது.

பைக்காரர்களுக்கு இங்கே ‘டெம்ப்ரரி ஆஸ்திரேலியன்’ என்று ஒரு கறுப்பு நகைச்சுவை உண்டு, சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவார் என்ற கணக்கில். சிரிப்பாகத்தான் இருக்கும். மேடையில் கூடாது.

பைக் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ‘பெட்ரோல்ஹெட்’ என்று தாராளமாகச் சொல்லுங்கள். வண்டி மோகம் என்பதைத் தாண்டி அதில் எந்தக் கெடுதலும் இல்லை. அமெரிக்காவில் ‘கியர்ஹெட்’.

குடைக்காரன்

அமெரிக்க பைக்காரர்களிடம் ‘ஸ்க்விட்’ என்று ஒரு சொல் இருக்கிறது பெரியவரே. ஹெல்மெட், ஜாக்கெட் எதுவும் சரியாகப் போடாமல், டி-ஷர்ட்டும் செருப்புமாகச் சூப்பர் பைக்கில் பறக்கும் கத்துக்குட்டி. பைக்காரர்கள் பைக்காரர்களையே திட்டப் பயன்படுத்துவது. வெளியாள் பயன்படுத்தி நான் கேட்டதில்லை.

பாறைப்பல்லி

இந்த இழையில் மலையேறிகள் பக்கம் யாரும் வரவில்லையே என்று பார்த்தேன். நான் கலிஃபோர்னியா. எங்களிடம் ‘டர்ட்பேக்’ என்று ஒன்று உண்டு. வேலையை விட்டு, வேனில் படுத்து, மிச்சம் மீதியைச் சாப்பிட்டு வருடம் முழுக்கப் பாறை ஏறுகிறவர். பொது ஆங்கிலத்தில் டர்ட்பேக் என்றால் அசிங்கமான திட்டு. பாறையேறிகள் கூடும் யோசெமிட்டி பூங்காவில் அது பட்டம்! ‘இவர் பழைய டர்ட்பேக்’ என்று அறிமுகம் செய்தால் சுற்றி இருப்பவர்கள் கொஞ்சம் எழுந்து நிற்கிற மாதிரி மரியாதை. ஆனால் சுற்றுலாப் பயணி வந்து அதே சொல்லைச் சொல்லட்டும் பார்ப்போம்.

அலெக்ஸ் ஹானல்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூன் 3 அன்று எல் கேப்பிட்டான் பாறையில், ஏறத்தாழ 900 மீட்டர், கயிறே இல்லாமல் நாலு மணி நேரத்துக்குள் ஏறி முடித்தவர். அதைப் பார்த்தவர்கள் பலர் சொன்ன சொல் அட்ரினலின் ஜங்கிதான். அந்த மனிதர் அதே வழியைக் கயிறு கட்டிக்கொண்டு மறுபடி மறுபடி ஏறி, எந்தக் கால் எந்தப் பிசிறில் வைக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்தவர். அட்ரினலின் சுரந்தால் ஏதோ பெரிதாகத் தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம் என்கிற கட்சிக்காரர். அவர் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மற்றவர்களுக்குப் பதற்றம் தரும் படங்களைக் காட்டியும் அவருடைய பயமையம், அதான் அமிக்டலா, அசையவே இல்லை. அந்த ஆளுக்கு நீங்கள் அந்தப் பெயரைச் சூட்டினால் அது மரியாதையா இல்லையா என்பது இரண்டாவது பிரச்சினை. முதலில் அது தப்பு.

உளவியல்_உமா

பாறைப்பல்லி சொன்னதில் பாதிக்கு மட்டும் நான் உடன்படுவேன். த்ரில் தேடும் குணம் என்று ஒன்று கண்டிப்பாக இருக்கிறது. மார்வின் சக்கர்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1964-ல் அதை அளக்க ஒரு கேள்வித்தாளே செய்தார். பின்னால் வந்த பதிப்பில் 40 ஜோடி வாக்கியங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் ஒரு ஜோடி பாராசூட்டில் குதித்துப் பார்க்க ஆசை என்பதும், பாராசூட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விமானத்திலிருந்து குதிக்கவே மாட்டேன் என்பதும்தான். அவர் அந்தக் குணத்துக்கு வைத்த பெயர் ‘சென்சேஷன் சீக்கிங்’. அதற்குள் நாலு பிரிவு. சாகச விருப்பம் அதில் ஒன்று மட்டுமே. மற்றவை புது அனுபவ விருப்பம், கட்டுப்பாடு தளர்வது, சீக்கிரம் சலிப்பது. ஒருவருக்கு முதலாவது மிக அதிகமாகவும் மூன்றாவது மிகக் குறைவாகவும் இருக்கலாம். குடைக்காரனின் கணக்காளர் நண்பர்கள் அந்த ரகமாக இருக்கலாம். ஜங்கி என்ற சொல் நாலையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறது, அதுதான் எனக்கு அதில் பிடிக்காதது.

சென்சேஷன் சீக்கர் என்று மட்டும் பேச்சில் வைத்துவிடாதீர்கள் நிலா. சாதாரணக் காதுக்கு அது வேறு மாதிரி கேட்கும். த்ரில் சீக்கர் பரவாயில்லை, நடுநிலை. ஆனால் கொஞ்சம் சுற்றுலா விளம்பர வாடை.

சொல்வேட்டை

த்ரில் பற்றி ஒரு உபரித் தகவல், கேட்கப் பிடிக்காதவர்கள் தாண்டிவிடலாம். பழைய ஆங்கிலத்தில் அதன் வேர்ச்சொல்லுக்கு ‘துளைத்தல்’ என்று பொருள். ‘நாஸ்ட்ரில்’ என்பதில் இருக்கும் ‘ட்ரில்’ அதுதான், மூக்குத் துளை. உடம்பைத் துளைத்துக்கொண்டு போகும் உணர்ச்சி என்பதால் த்ரில் ஆயிற்று.

யாழ்_டொராண்டோ

நான் காப்புறுதிக் கம்பெனி ஒன்றில வேலை செய்யிறன். எங்கட படிவங்களில இந்தப் பேச்சு ஒண்டும் வராது. ‘ஹசார்டஸ் ஆக்டிவிட்டி’ எண்டு ஒரு பெட்டி, அதில டிக் போடவேணும். ஸ்கைடைவிங் செய்யிற ஆள் எண்டால் பிரீமியம் கூடும், அவ்வளவுதான். பட்டம் ஒண்டும் குடுக்கமாட்டம்.

ஒரு சொல்லை மட்டும் எல்லாரும் கவனமாப் பாவிக்கவேணும். ‘ரெக்லெஸ்’. தமிழில கண்மண் தெரியாத ஆள் எண்டு சும்மா சொல்லுற மாதிரி இங்க சொல்லேலாது. அமெரிக்காவின்ர கனக்க மாநிலங்களில ரெக்லெஸ் டிரைவிங் எண்டது குற்றத்தின்ர பேர். பகிடியாச் சொன்னாலும் ஒரு வழக்கு மணம் அடிக்கும். ‘ரிஸ்க் டேக்கர்’ அப்பிடி இல்லை, அது கேக்கிற இடத்தைப் பொறுத்தது. வேலை நேர்முகத்தில புகழ்ச்சி, எங்கட கந்தோரில இகழ்ச்சி.

தார்ரோடு_தாமஸ்

டேர்டெவில் பற்றி யாருமே பேசவில்லையே? எனக்கு அதுதான் நல்ல சொல்லாகப் படுகிறது. பிசாசுக்கே சவால் விடுகிறவர். கெத்தாக இல்லையா?

சொல்வேட்டை

கெத்துதான். பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே இருக்கும் சொல், வசைப் பொருள் பெரிதாக இல்லை. ஆனால் அதற்குள் ஒரு கூட்டம் இருக்கிறது தாமஸ். பார்க்க ஆள் வேண்டும். 1974 செப்டம்பர் 8 அன்று அமெரிக்க பைக் சாகசக்காரர் ஈவல் கனீவல் ஸ்னேக் ரிவர் பள்ளத்தாக்கை நீராவி ராக்கெட் வண்டியில் தாண்டப் பார்த்தாரே, அவர் அச்சு அசல் டேர்டெவில். டிக்கெட் விற்று, கொடி நிற உடை போட்டு. கிளம்பும்போதே பாராசூட் திறந்துகொண்டு வண்டி பள்ளத்துக்குள் இறங்கியது வேறு கதை. அதற்கு ஒரு மாதம் முன்னால், ஆகஸ்ட் 7 அன்று, பிலிப் பெட்டி நியூயார்க் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே கம்பியில் நடந்தார். அவரையும் டேர்டெவில் என்று சொல்வோர் உண்டு, எனக்கு அது ஒட்டவில்லை. ஆண்டுக்கணக்கில் ரகசியமாகத் திட்டமிட்டு விடிகாலையில் ஏறிய மனிதர்.

சனிக்கிழமை போய் யாருக்கும் காட்டாமல் குதித்துவிட்டு வரும் பெண்மணிக்கு டேர்டெவில் கொஞ்சம் பெரிய சட்டை.

கோவை_கார்த்தி

‘மேட் லேட்’, ‘நட்டர்’? பிரிட்டிஷ் நண்பர்கள் பாராட்டாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

லீட்ஸ்_நர்ஸக்கா

பப்பில் மூன்றாவது பைண்ட்டுக்குப் பிறகு, சக வயதுக்காரரிடம், சரி. மனநலம் சம்பந்தப்பட்ட எந்தச் சொல்லையும் ஹெச்.ஆர். உட்கார்ந்திருக்கும் அறையில் தொடாதீர்கள்.

பாறைப்பல்லி

அலைச்சறுக்குக்காரர்களிடம் ஒரு அருமையான சொல் இருக்கிறது: ‘சார்ஜர்’. பெரிய அலையைக் கண்டு பின்வாங்காமல் பாய்கிறவர். ‘ஷி சார்ஜஸ்’ என்றால் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஆனால் வெளியே சொன்னால் போன் சார்ஜர் என்றுதான் நினைப்பார்கள்.

நிலா_மெல்பன்

எல்லோருக்கும் நன்றி. ஒரு சொல்லுக்கு இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. இன்று மதிய உணவு நேரத்தில் அவரிடமே பேச்சுக் கொடுத்தேன், விழா பற்றி எதுவும் காட்டிக்கொள்ளாமல். குதிப்பதைப் பற்றிப் பேசினால் எல்லோரும் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். “அட்ரினலின் ஜங்கி என்பார்கள், என் தங்கை பைத்தியக்காரி என்பாள்” என்று சிரித்தார். கோபம் எதுவும் தெரியவில்லை. பிறகு நானே கேட்காமல், குடையை எப்படி மடிப்பது என்று கைத்துண்டை வைத்து முழுசாகச் செய்து காட்டினார். கயிறுகளை எப்படி மடித்து ரப்பர் வளையத்தில் மாட்டுவது என்று ஐந்து நிமிடம். காபி ஆறிப்போனது.

ஆக ஜங்கி வரியை எடுத்துவிட்டேன். இப்போது இப்படி வைத்திருக்கிறேன், தமிழில் தருகிறேன்: ‘பதின்மூவாயிரம் அடியில் கதவைத் திறந்து வெளியே போகும் பயமே அறியாத பெண்மணி, நம் ரிலீஸ் தேதிகளை மட்டும் ஒருநாளும் கடைசி நிமிடத்துக்கு விட்டதில்லை.’ எப்படி?

குடைக்காரன்

நன்றாக இருக்கிறது. ‘பயமே அறியாத’ என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். ‘ஃபியர்லெஸ்’ என்று சொன்னால் டிராப்ஸோனில், அதாவது நாங்கள் குதிக்கும் இடத்தில், யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். பயம் போனவனோடு குதிக்கப் பயம்.

உளவியல்_உமா

‘கட்ஸி’ போடலாமே. தில்லான ஆள் என்கிற தொனி, யாருக்கும் உறுத்தாது.

பல்லாரட்_பெரியவர்

ஆஸ்திரேலியக் காதுக்கு ‘கேம்’ என்பது இன்னும் இதமாக இருக்கும். ‘ஷி’ஸ் கேம் ஃபார் எனிதிங்’. எதற்கும் தயார் என்று பொருள். பெட்ரோல்ஹெட்டையும் எங்காவது நுழைத்துவிடுங்கள், பைக்கை விட்டுவிட்டீர்கள் பாருங்கள்.

நிலா_மெல்பன்

‘கேம்’ எடுத்துக்கொள்கிறேன். பைக்குக்கு ஒரு வரி தனியாக எழுதுகிறேன். குடைக்காரன் அண்ணா, முடிவில் அவர்கள் வழக்கப்படி ஏதாவது வாழ்த்து இருக்கிறதா?

குடைக்காரன்

‘ப்ளூ ஸ்கைஸ்’ என்று சொல்லி முடியுங்கள். எங்களுக்குள் வணக்கம், போய்வருகிறேன் எல்லாமே அதுதான். சில பேர் அதோடு ‘பிளாக் டெத்’ என்று சேர்ப்பார்கள், நீங்கள் சேர்க்க வேண்டாம். அப்புறம் இன்னொன்று. எதையும் முதல்முறை செய்தால் சுற்றி இருப்பவர்களுக்கு பீர் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் விதி. முதல்முறை ஓய்வு பெறுகிறார் அல்லவா, அதை மேடையிலேயே கேட்டுவிடுங்கள்.